தொகுதி இரண்டு, பக்கம் 318

ஏப்ரல் 9, செவ்வாய்

ஆஸ்பத்திரியின் முன்பக்கச் சுவரில் இன்று கிரானைட் வேலை தொடங்கியது. மேற்குப் பார்த்த சுவர். ஐம்பத்திரண்டு அடி உயரம், ஒரு ஜன்னல்கூடக் கிடையாது. முழுக்கச் சாம்பல் நிறக் கல்லால் மூடி, நடுவில் ஆஸ்பத்திரியின் பெயர் வர வேண்டும் என்பது சென்னையில் இருக்கும் ஆர்க்கிடெக்ட்டின் யோசனை. தென்காசி பைபாஸில் வரும்போதே கண்ணில் படும்.

கல் பதிக்க லூர்துசாமி அண்ணாச்சி வள்ளியூரிலிருந்து எட்டு ஆட்களோடு வந்திருக்கிறார். ஐம்பது வயது இருக்கும். தேவைக்கு மேல் ஒரு வார்த்தை பேச மாட்டார். வேலை தொடங்குமுன் வரைபடத்தை என் மேசையில் விரித்தார்.

"சார், வெறும் பசையில ஒட்டணுமா, கிளிப் போட்டு மாட்டணுமா? இதுல ஒண்ணும் காணோமே."

பார்த்தேன். ஒரு அம்புக்குறி. அதன் நுனியில் 'கிரானைட், ஸ்பெசிஃபிகேஷன்படி' என்று இரண்டு வார்த்தை.

"போன சைட்ல எப்படிப் பண்ணினீங்க?"

"பசைதான். அது மாடி வீடு சார்."

"அப்படியே பண்ணுங்க அண்ணாச்சி."

தலையாட்டிவிட்டுப் போனார். மாலையில் வீட்டுத் தண்ணீர் மோட்டார் புகைந்துவிட்டது. நான் போய்ச் சேரும்போது என் மனைவி கோமதி பக்கத்து வீட்டிலிருந்து குடத்தில் தண்ணீர் சுமந்துகொண்டிருந்தாள்.

ஏப்ரல் 10, புதன்

அண்ணாச்சி கேட்டது மனதில் இருந்ததால் ஸ்பெசிஃபிகேஷனை எடுத்துப் பார்த்தேன். என்ன கட்ட வேண்டும் என்று வரைபடம் சொல்லும். எந்தப் பொருளால், எப்படிக் கட்ட வேண்டும் என்று இது சொல்லும். மூன்று தொகுதி, ஆயிரத்து நூற்று நாற்பது பக்கம். ஜனவரியில் வந்தது. வந்த அன்றே 'பெற்றுக்கொண்டேன், படித்துப் புரிந்துகொண்டேன்' என்ற தாளில் சைட் இன்ஜினியர்கள் எங்கள் ஆறு பேரிடமும் கையெழுத்து வாங்கிவிட்டார்கள். பெட்டியின் டேப்பைக் கிழிக்கும் முன்பே போட்டோம்.

இருபது பக்கம் படித்தேன். உப்புக்காற்றிலிருந்து கம்பியைக் காப்பது எப்படி என்று நான்கு பக்கம். தென்காசியில் எங்கே கடல்? அதற்கடுத்து நீச்சல்குளத்துக்கு டைல்ஸ். எங்களுக்கு நீச்சல்குளம் கிடையாது. கடற்கரையில் ஏதோ ஹோட்டலுக்கு எழுதியதில் பெயரை மட்டும் மாற்றி அனுப்பியிருக்கிறார்கள். போதாக்குறைக்குப் பத்திக்குப் பத்தி 'இந்தத் தர நியமத்தைப் பார்க்கவும்' என்று ஒரு எண். கடைசியில் அந்த எண்களின் பட்டியல், மொத்தம் அறுபத்து மூன்று. ஆபீசில் இருப்பது இரண்டு. அதில் ஒன்றுக்கு அட்டை இல்லை. பழைய பதிப்பு வேறு.

இருபத்தோராவது பக்கத்தில் மூடி வைத்தேன். பதினாறு வருஷமாக இந்தத் தொழிலில் இருக்கிறேன். கல் ஒட்டுவது எப்படி என்று எனக்குத் தெரியாதா.

ஏப்ரல் 17, புதன்

சுவர் பன்னிரண்டு அடி ஏறிவிட்டது. பார்க்க அழகாக இருக்கிறது. கல்லும் கல்லும் சேரும் கூட்டுக் கோடுகள் நூல் பிடித்த மாதிரி நேராக இருக்கின்றன.

ஏப்ரல் 24, புதன்

தரக்கட்டுப்பாட்டுக்கு ஒரு பெண்ணைப் போட்டிருக்கிறார்கள். ஷாஹிதா பானு. கடையநல்லூர். இருபத்தாறு வயது. முதல் நாளே ஸ்பெசிஃபிகேஷன் எங்கே என்று கேட்டாள். அலமாரியைக் காட்டினேன். சாயங்காலம் இரண்டாவது தொகுதியைப் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினாள். நான்கு கிலோ இருக்கும்.

மே 3, வெள்ளி

ஷாஹிதா அந்தத் தொகுதியோடு என் மேசைக்கு வந்தாள். நடுவில் பஸ் டிக்கெட்டை அடையாளம் வைத்திருந்தாள்.

"சார், பக்கம் 318 பார்த்தீங்களா?"

முதல் இரண்டு வரிக்குப் பென்சிலால் அடிக்கோடு. பத்தடிக்கு மேலே பதிக்கும் எந்தக் கல்லையும் பசையை மட்டும் நம்பி விடக் கூடாது. ஒவ்வொன்றுக்கும் நான்கு துருப்பிடிக்காத கிளிப் போட்டுச் சுவரோடு பிணைக்க வேண்டும்.

"நாம ஒண்ணுகூடப் போடல சார்."

சுவர் முப்பது அடிக்கு ஏறியிருக்கிறது.

"இது வேற எங்கேயோ கடலோரமா இருக்கிற கட்டடத்துக்கு எழுதினதும்மா. நீச்சல்குளம் எல்லாம் வருது பாரு."

"நீச்சல்குளம் இருக்கிறது தப்புதான் சார். அதுக்காக இந்தப் பக்கமும் தப்பாயிடுமா?"

 வைகுண்டராமன் சாருக்குப் போன் போட்டேன். அவர்தான் புராஜெக்ட் மேனேஜர். திருநெல்வேலியில் உட்கார்ந்துகொண்டு நான்கு சைட்டைப் பார்க்கிறார்.

"ஆவுடை, டிராயிங்ல கிளிப் காட்டியிருக்கா?"

"இல்ல சார்."

"அப்புறம் என்ன? நமக்கு டிராயிங்தான். அந்தப் புத்தகத்தை எழுதினவனே திருப்பிப் படிச்சிருக்க மாட்டான். அதைப் படிச்சுப் படிச்சு வேலை செஞ்சா ஒரு கட்டடமும் எழும்பாது."

அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது.

மே 4, சனி

ஷாஹிதா ஆர்க்கிடெக்ட்டுக்கு ஒரு கடிதம் எழுதிக் கொண்டுவந்தாள். கிளிப் வேண்டுமா வேண்டாமா என்று கேட்டு, பதில் வரும்வரை மேலே கல் பதிப்பதை நிறுத்தி வைப்பதாக. சைட் பொறுப்பு என்னிடம் இருப்பதால் என் கையெழுத்தோடுதான் போக வேண்டும். நல்ல இங்கிலீஷ். அனுப்புகிறேன் என்று வாங்கி வைத்துக்கொண்டேன்.

மதியம் முடி வெட்டிக்கொண்டேன்.

மே 11, சனி

நாற்பது அடி தாண்டியாயிற்று.

மே 13, திங்கள்

கடிதம் என்ன ஆயிற்று என்று ஷாஹிதா கேட்டாள். பதில் வரவில்லை என்றேன். அது பொய் இல்லை. பதில் வரவில்லைதான்.

மே 20, திங்கள்

சுவர் முடிந்தது. வைகுண்டராமன் சார் அல்வாவோடு வந்தார். சாரம் பிரித்ததும் எல்லோரும் ரோட்டுக்கு அந்தப் பக்கம் போய் நின்று பார்த்தோம். வெயிலில் ஒரே கல்லில் வெட்டி நிறுத்திய மாதிரி இருந்தது. லூர்துசாமி அண்ணாச்சிகூடச் சிரித்தார். போனில் படம் எடுத்து வீட்டுக்கு அனுப்பினார்.

பிற்பகல் நாற்பத்தாறு செக்லிஸ்ட்டில் கையெழுத்துப் போட்டேன். 'ஸ்பெசிஃபிகேஷன்படி பதிக்கப்பட்டது: ஆம் / இல்லை.' ஆம், ஆம், ஆம். கை வலித்தது.

தரக்கட்டுப்பாடு என்ற கட்டத்தில் மட்டும் ஷாஹிதா கையெழுத்துப் போட மறுத்துவிட்டாள். சத்தம் போடவில்லை. பேனாவை மூடி என் மேசையில் வைத்துவிட்டுப் போனாள்.

மே 22, புதன்

ஷாஹிதாவைப் பாளையங்கோட்டை பக்கம் கழிவுநீர்த் தொட்டி சைட்டுக்கு மாற்றிவிட்டார்கள். நான் எதுவும் சொல்லவில்லை. என்னை யாரும் கேட்கவும் இல்லை.

ஜூன் 5, புதன்

ஆஸ்பத்திரி திறந்து இரண்டு நாள் ஆகிறது. சின்னச் சின்ன வேலை பாக்கி இருப்பதால் நான் இன்னும் ஒரு மாதம் இங்கேதான்.

சுவர் மேற்குப் பார்த்தது என்பதால் காலையில் அதன் அடியில் நல்ல நிழல். டோக்கன் வாங்கியவர்கள் எல்லாம் அங்கேதான் உட்காருகிறார்கள். பேச்சியம்மாள் என்ற பெண் டீக்கடை போட்டுவிட்டார். இரண்டு பெஞ்ச், ஒரு அடுப்பு. காற்று அடுப்பை அணைக்காமல் இருக்கச் சுவரை ஒட்டிப் போட்டிருக்கிறார். டீ நன்றாக இருக்கிறது.

ஜூன் 11, செவ்வாய்

செங்கோட்டைக் கணவாய் வழியாகக் காற்று இறங்கிவிட்டது. நேராக அந்தச் சுவரில்தான் மோதுகிறது. டீ குடிக்கப் போனபோது சும்மா கல்லை விரல் முட்டியால் தட்டிப் பார்த்தேன். கைக்கு எட்டியவரை நாற்பது கல். இருபத்தொன்பது திடமான சத்தம். பதினொன்று காலித் தகரடப்பா மாதிரி.

"என்ன சார், கதவத் தட்டுத மாதிரி தட்டுதீங்க?" என்றார் பேச்சியம்மாள்.

"சும்மாதான்க்கா."

கொஞ்சம் காற்று இடைவெளி எல்லாச் சுவரிலும் இருக்கும்.

ஜூன் 18, செவ்வாய்

மூன்று நாளாகச் சாரல். மேல் வரிசைகளில் கூட்டு வழியாக வெள்ளையாக ஏதோ வடிந்து காய்ந்திருக்கிறது. கல்லுக்குப் பின்னால் தண்ணீர் போகிறது.

கோமதிக்குத் தைராய்டு பார்க்க நாளை இங்கே டாக்டரிடம் வரச் சொன்னேன். பின்வாசல் வழியாக வா என்றேன்.

"ஏன், முன்வாசல் என்ன ஆச்சு?"

"பின்வாசல்ல கூட்டம் குறைவு."

ஜூன் 19, புதன்

கோமதி வந்து போனாள். மாத்திரை அளவைக் கூட்டியிருக்கிறார்கள்.

ஜூன் 26, புதன்

டீயை ரோட்டுக்கு அந்தப் பக்கக் கடையில் குடிக்கத் தொடங்கியிருக்கிறேன். இந்தப் பக்கம் பால் சரியில்லை.

ஜூலை 2, செவ்வாய்

காலை எட்டு மணிக்குப் போனபோது செக்யூரிட்டி கூட்டிக்கொண்டு போய்க் காட்டினார். உச்சியிலிருந்து மூன்றாவது வரிசையில் ஒரு கல் இல்லை. விடியும்போது காற்றில் விழுந்திருக்கிறது. குரோட்டன்ஸ் செடிப் பாத்தியில் பாதி புதைந்து செங்குத்தாக நின்றது. இரண்டடிக்கு இரண்டடி. இருபது கிலோ. பாத்திக்கும் பேச்சியம்மாளின் பெஞ்சுக்கும் நடுவே நான்கு எட்டு. அவர் கடை திறக்க ஏழு மணி ஆகும்.

கல்லைப் பிடுங்கிப் பின்புறத்தைப் பார்த்தேன். மண்ணைத் துடைத்ததும் தெரிந்தது. நான்கு மூலையில் நான்கு, நடுவில் ஒன்று, இட்லி அளவுக்குப் பசை. மற்ற இடமெல்லாம் வழவழப்பு.

லூர்துசாமி அண்ணாச்சிக்குப் போன் செய்தேன்.

"பசைய கல்லு பூராத் தடவலையா அண்ணாச்சி?"

"அஞ்சு இடத்துல வச்சு அமுக்குவோம் சார். எப்பவும் அப்படித்தான்."

"பசை மூட்டையில எழுதியிருக்குமே?"

"எழுதியிருக்கு சார். இங்கிலீஷ்லயும் இந்திலயும் எழுதியிருக்கு. எங்க எட்டுப் பேருல யாரு அதை வாசிக்க?" கொஞ்சம் நிறுத்தி, "விழுந்துட்டா சார்? யாருக்கும் ஒண்ணும் இல்லயே?" என்றார்.

இல்லை என்றேன். தோட்டக்காரர் பாத்தியைச் சமன் செய்துவிட்டார்.

ஜூலை 4, வியாழன்

பாளையங்கோட்டைக்குப் போய் ஷாஹிதாவைப் பார்த்தேன். தொட்டிக்கு இறங்கும் ஏணியிலிருந்து மேலே வந்தாள். காலணி எல்லாம் சேறு. விஷயத்தைச் சொன்னேன்.

"லெட்டருக்கு என்ன பதில் வந்துச்சு சார்?"

நான் சொன்னதை எழுத வேண்டியதில்லை. அவள் காலணிச் சேற்றை ஏணிக் கம்பியில் வழித்தாள்.

"முதல்ல கீழ நிக்கிற ஆளுங்கள எடுங்க சார். இன்னிக்கே. கயிறு கட்டுங்க. மத்ததெல்லாம் அப்புறம்."

சரி என்றேன்.

ஜூலை 5, வெள்ளி

சுவரிலிருந்து பதினைந்து அடி தள்ளிக் கயிறு கட்டினேன். பதினோரு மணிக்கு ஆஸ்பத்திரி நிர்வாக அதிகாரி அவிழ்க்கச் சொன்னார். ஆம்புலன்ஸ் திரும்ப இடம் இல்லையாம். எதற்குக் கட்டினீர்கள் என்று கேட்டார். பெயின்ட் வேலை என்று சொல்லி அவிழ்த்துவிட்டேன்.

பெயின்ட் வேலை என்றுதான் சொன்னேன்.

ஜூலை 6, சனி

வைகுண்டராமன் சார் போனில்: "கயிறு கட்டினா நாமளே ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும் ஆவுடை. ஒரு கல்லு விழுந்திருக்கு, ஒட்டிக்கலாம். காத்து சீசன் முடியட்டும்."

சீசன் முடிய ஆகஸ்ட் ஆகும்.

ஜூலை 10, புதன்

சாப்பிட முடியவில்லை. வெயிலில் நின்றதால் இருக்கும்.

ஜூலை 14, ஞாயிறு

கோமதி நேற்று ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட் வாங்க என்னிடம் சொல்லாமல் ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கிறாள். முன்வாசல் வழியாகத்தான். பேச்சியம்மாள் கடையில் டீ குடித்திருக்கிறாள். சுவரில் ஒரு கட்டம் கறுப்பாகத் தெரிகிறதே என்று கேட்டதற்கு அவர் கல் விழுந்த கதையைச் சொல்லியிருக்கிறார்.

இன்று காலை தோசை ஊற்றிக்கொண்டே கேட்டாள். திரும்பிப் பார்க்கவில்லை.

"அந்தக் கல்லு ரெண்டாந்தேதி விழுந்திருக்கு. என்னைய நீங்க பின்வாசல்ல வரச் சொன்னது ஜூன் மாசம்."

"ஆமா."

"அப்ப முன்னாடியே தெரியும்."

"தெரியும்னு இல்ல. ஒரு சந்தேகம்."

"எனக்குப் பின்வாசல். அந்த டீக்கடைக்காரிக்கு?"

தோசை கருகியது. அவள் எடுக்கவில்லை. நானும் எடுக்கவில்லை.

"அவங்க கைப்புள்ளையோட உக்காந்திருக்காங்க. பேத்தியாம்," என்றாள். அதன்பிறகு நாள் முழுக்க என்னிடம் பேசவில்லை.

ஜூலை 15, திங்கள்

ஏழு மணிக்கெல்லாம் போய்விட்டேன். முதலில் பேச்சியம்மாளின் அடுப்பை நானே தூக்கி ரோட்டோரப் புங்கை மரத்தடிக்குக் கொண்டுபோனேன். அவர் கத்தினார். பெஞ்சையும் தூக்கினேன். "என் மேல என்ன சார் கோவம்?" என்று கேட்டார். சுவர் விழும் என்று சொன்னேன். முதல் தடவையாக அதை வாய்விட்டுச் சொன்னது அவரிடம்தான்.

நிழலில் இருபது பேர் இருந்தார்கள். ஒவ்வொருவராகப் போய்ச் சொல்லி எழுப்பினேன். ஒரு வயதானவர், இவ்வளவு பெரிய ஆஸ்பத்திரி விழுமா என்று சிரித்தார். கையைப் பிடித்துக் கூட்டிப்போனேன்.

பிறகு நான்கு பக்கம் எழுதி நிர்வாக அதிகாரியிடம் கொடுத்தேன். முத்திரை குத்தினார், எண் போட்டார், கோப்பில் வைத்துத் துளையிட்டார். ஒரு வரி படிக்கவில்லை.

"படிங்க சார்."

"வச்சுட்டுப் போங்க. பார்க்கிறோம்."

நானும் அப்படித்தான் சொல்லியிருக்கிறேன் பலரிடம். நேராகத் தலைமை டாக்டரின் அறைக்குப் போனேன். நோயாளிகளோடு வரிசையில் ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்து, என் முறை வந்ததும் சொன்னேன். அவர் ஸ்டெத்தைக் கழற்றி வைத்துவிட்டு என்னோடு இறங்கி வந்தார். தட்டிக் காட்டினேன். இரண்டு கல்லைத் தட்டியதுமே அவருக்குப் புரிந்துவிட்டது. நெஞ்சைத் தட்டிப் பார்க்கிறவர்.

மதியத்துக்குள் முன்வாசலை மூடிவிட்டார்கள். புறநோயாளிகளைக் கிழக்குப் பக்கம் மாற்றினார்கள். தகரத் தடுப்பு வந்தது.

வீட்டுக்கு வந்து கோமதியிடம் சொன்னேன். சாப்பாடு போட்டாள்.

ஜூலை 17, புதன்

வைகுண்டராமன் சார் வந்தார். தடுப்புக்கு உள்ளே நின்று என்னைத் திட்டினார். தலைமை டாக்டர் எங்கள் கம்பெனி முதலாளியிடம் பேசிவிட்டாராம். ஆனால் ஒரு நல்ல விஷயம்: கிளிப் போட ஒத்துக்கொண்டார்கள். மேலே உள்ள கற்களைக் கழற்றி, கிளிப்போடு மறுபடி மாட்ட வேண்டும். ஒரு வாரத்தில் முடிக்க வேண்டும். லூர்துசாமி அண்ணாச்சியை வரச் சொல்லியாயிற்று. மறுபடி சாரம் கட்ட நேரம் இல்லை, உச்சியிலிருந்து கயிற்றில் தொங்கும் பலகையில் நின்று வேலை. ஜூலா என்பார்கள்.

ஷாஹிதாவுக்குப் போன் செய்து சொன்னேன்.

"அல்ஹம்துலில்லாஹ். நான் ஒரு நாள் லீவு போட்டு வரட்டுமா சார்? கழற்றதுக்கு முன்னாடி ஒரு தடவ பாத்துரலாம்."

"வேண்டாம்மா. நான் பாத்துக்கிடுதேன்."

ரொம்ப நாளைக்குப் பிறகு வயிறு நிறையச் சாப்பிட்டேன்.

ஜூலை 18, வியாழன்

அண்ணாச்சி வந்தார். ஜூலா மாட்டிச் சரிபார்த்தோம். பெல்ட், ஹெல்மெட், கயிறு எல்லாம் புதுசு. காற்று கொஞ்சம் தணிந்திருக்கிறது. இறங்கும்போது கேட்டார்.

"எங்கேருந்து ஆரம்பிக்க சார்?"

"விழுந்த இடத்துலேருந்தே ஆரம்பிங்க. அங்கதான் ஏற்கெனவே திறந்து கிடக்கு, கம்பி விட்டு நெம்ப வசதியா இருக்கும்."

"சரி சார்."

கீழே ஒரு ஆளும் வராதபடி செக்யூரிட்டியிடம் இரண்டு தடவை சொன்னேன்.

ஜூலை 19, வெள்ளி

லூர்துசாமி அண்ணாச்சி இறந்துவிட்டார்.

ஜூலை 21, ஞாயிறு

எழுத வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

வெள்ளிக்கிழமை காலை பத்து நாற்பது. அண்ணாச்சி மூன்றாவது வரிசையில், விழுந்த கல்லுக்குப் பக்கத்துக் கல்லைக் கம்பியால் நெம்பினார். நான் தடுப்புக்கு வெளியே நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தக் கல் நகர்ந்ததும் அதற்கு மேலே இருந்த இரண்டு வரிசையும் ஒன்றாக இறங்கின. அவை ஒன்றின் மேல் ஒன்று உட்கார்ந்துதான் இவ்வளவு நாள் நின்றிருக்கின்றன. ஒன்பது கல். அவர் தலைக்கு மேலே. பெல்ட் அவரை விழவிடாமல் பிடித்துக்கொண்டது. அதனால் விலகவும் முடியவில்லை.

கீழே ஒருவரும் இல்லை. அதைத்தான் நான் பார்த்துப் பார்த்துச் செய்திருந்தேன்.

அதே கட்டடத்துக்குள்தான் அவரைக் கொண்டுபோனோம். நாற்பது நிமிடம். தலைமை டாக்டர் வெளியே வந்து என் தோளைத் தொட்டார். 

நேற்று போலீஸ் வந்து ஆபீசைச் சோதித்தது. என் மேசையின் மூன்றாவது டிராயரில் ஷாஹிதா எழுதிய கடிதம் இருந்தது. நான் அதை அனுப்பவே இல்லை. இதுவரை இந்த நோட்டிலும் அதை எழுதவில்லை. இன்ஸ்பெக்டர் கேட்டார்.

"ஸ்பெசிஃபிகேஷனைப் படிச்சேன்னு இது உங்க கையெழுத்துதானே?"

"ஆமா."

"படிச்சீங்களா?"

"இல்ல."

வைகுண்டராமன் சார் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். அவரிடம் கேட்டபோது, எல்லாவற்றையும் படித்ததாகவும், சைட்டில் ஆவுடையப்பன் கடைப்பிடிக்கவில்லை என்றும் சொன்னார். எனக்குக் கோபம் வரவில்லை.

ஜூலை 29, திங்கள்

கம்பெனி என்னை வேலையிலிருந்து நிறுத்திவைத்த உத்தரவு வந்தது. வழக்கறிஞர் எல்லாக் காகிதத்தையும் நகல் எடுத்து வைக்கச் சொன்னார். எடுத்தேன். மோட்டார் மறுபடி நின்றுவிட்டது. கோமதி ஆள் கூப்பிட்டுச் சரிசெய்தாள்.

ஆகஸ்ட் 4, ஞாயிறு

வள்ளியூருக்குப் போனேன். கோமதியும் வந்தாள். வேண்டாம் என்று வழக்கறிஞர் சொல்லியிருந்தார்.

ஓட்டு வீடு. சுவரில் அண்ணாச்சியின் படம், பூமாலை, சின்ன சீரியல் விளக்கு. அவர் மனைவி மரியசெல்வம் எங்களை உட்காரச் சொன்னார். கோமதி அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.  என் தப்புதான் அக்கா என்றேன். அவர் அதைக் கேட்ட மாதிரி தெரியவில்லை.

"போலீசும் பேசுது, கம்பெனியில இருந்து வந்தவுகளும் பேசுதாக. புத்தகத்துல இருந்துச்சு, புத்தகத்துல இருந்துச்சுங்காக. அப்படி என்னதான் சார் இருக்கு அதுல?"

நகல் என் பையில் இருந்தது. பக்கம் 318.

"இங்கிலீஷ்ல இருக்குக்கா."

"நீங்க தமிழ்ல சொல்லுங்க."

வாசித்துத் தமிழில் சொன்னேன். பத்தடிக்கு மேலே எந்தக் கல்லும் பசையை மட்டும் நம்பி நிற்கக் கூடாது. ஒவ்வொரு கல்லுக்கும் நான்கு கிளிப் வேண்டும். இந்த இரண்டும் ஷாஹிதா அடிக்கோடு போட்டவை. எனக்குத் தெரிந்தவை. அதற்குக் கீழே இன்னும் மூன்று இருந்தன. பசை கல்லின் பின்புறம் முழுக்கப் பரவ வேண்டும். அங்கங்கே உருட்டி வைக்கக் கூடாது. பதித்து முடித்ததும் ஒவ்வொரு கல்லையும் தட்டிப் பார்க்க வேண்டும். சத்தம் காலியாகக் கேட்டால் கழற்றிவிட வேண்டும்.

ஐந்தாவது வரிக்கு வந்தேன். கண் அதை எனக்கு முன்னால் படித்துவிட்டது. 

"சொல்லுங்க சார்."

"கழற்றும்போது..."

"நிறுத்தாதீங்க. சொல்லுங்க."

"கழற்றும்போது உச்சி வரிசையிலிருந்துதான் ஆரம்பிக்கணும். மேலே கல் இருக்கும்போது அதுக்குக் கீழே எந்த ஆளையும் வேலைக்கு நிறுத்தக் கூடாது."

வீட்டுக்குள் யாரோ பாத்திரத்தைக் கீழே வைத்தார்கள். கோமதி என்னைப் பார்க்கவில்லை, தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். முழுசும் வாசித்து முடிக்க ஒன்றரை நிமிடம் ஆகியிருக்கும்.

மரியசெல்வம் சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"அந்தக் கடைசி வரிய மட்டும் இன்னொரு தடவ வாசிங்க."

வாசித்தேன்.